டிராகன் இருக்கட்டும், வேலை என்ன பார்க்கிறாய்?

காதல் கதையில் நாயகன் எப்படி இருப்பான் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். காலையில் எழுந்து எங்கே போவான், என்ன வேலை பார்ப்பான், அது முதலில் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் இப்போது மாயமும் காதலும் கலந்து வந்து குவிகிற நாவல்களில் பாதிக்கு இந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. நாயகன் ஏதோ ஒரு நாட்டு இளவரசனாக இருப்பான், இல்லாவிட்டால் இருட்டை ஆட்டிவைக்கிறவனாக இருப்பான். கறுப்பு முடி கட்டாயம். முகத்தில் ஒரு தழும்பு இருந்தால் விசேஷம். நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்று நாயகியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இவனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

நான் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். நைட் டியூட்டியில் அவசரப் பிரிவிலிருந்து சாம்பிள் வந்தால் வேலை, வராவிட்டால் கிண்டில். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி முடிப்பதற்குள் சில பக்கம் ஓடிவிடும். இப்படித் துண்டு துண்டாகப் படிக்கிறவளுக்குப் புத்தகம் இரண்டே ஜாதி. மணி அடித்ததும் 'அட, இப்பவா' என்று மனசில்லாமல் வைப்பது ஒன்று. 'அப்பாடா, சாம்பிள் வந்தது' என்று வைப்பது இன்னொன்று. கோவையில் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள்தான் எனக்குப் புத்தகம் சொல்கிறவள். "அத்தை, இதை மட்டும் படிங்க, அப்புறம் என்கிட்ட பேசுங்க" என்று செய்தி வரும். அவளுடைய ரசனையும் என்னுடையதும் பாதி வழி ஒன்றாகப் போய், படுக்கையறைக் கதவருகே பிரிந்துவிடும். கதைகளின் முடிவை எங்கும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

எல்லோரும் கேட்கிற 'ஃபோர்த் விங்' முதலில். ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023 மே மாதம் வந்தது. நவார் என்ற நாட்டில் பாஸ்கயத் என்று ஒரு போர்க் கல்லூரி. வயலட் சோரன்கேல் 20 வயதுப் பெண். ஏடுகளைக் காத்து எழுதிவைக்கிற பிரிவில் சேர்வதற்காகவே படித்து வளர்ந்தவள். அம்மா படைத்தளபதி. அந்த அம்மாவின் ஒரே உத்தரவில் டிராகன் ஓட்டுகிற பிரிவுக்குத் தள்ளப்படுகிறாள். அங்கே உள்ளே நுழைவதற்கே ஒரு குறுகலான கல் பாலத்தைக் கடக்க வேண்டும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விழுந்தால் பிணம்.

அந்தத் தொடக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா மிரா தங்கையின் மூட்டையைப் பிரித்து வேண்டாததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, வழுக்காத பூட்ஸை மாட்டிவிடுகிறாள். வரிசையில் முன்னே நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணின் பூட்ஸ் மழையில் வழுக்கும் என்று தெரிந்ததும், வயலட் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து அவளுடையதில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். இருவருக்கும் ஆளுக்கு ஒரு காலாவது பிடிக்குமே! பாலத்தின் மேல் பயம் தெளியப் பாடத்தில் படித்ததை வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டே நடக்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதை இந்த இரண்டு செயலே சொல்லிவிடுகிறது. யாரும் வந்து 'அவள் புத்திசாலி, இரக்க குணம் உள்ளவள்' என்று அறிமுகம் செய்துவைக்கவில்லை.

வயலட்டுக்கு மூட்டுகள் சட்டென்று நழுவும், எலும்பு எளிதில் முறியும். ஆசிரியருக்கே எஹ்லர்ஸ்-டான்லோஸ் சிண்ட்ரோம் என்ற இணைப்புத் திசுக் கோளாறு உண்டு, அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். கதைக்குள் அந்தப் பெயர் வருவதில்லை. மூட்டைக் கட்டிக்கொள்வதும், வலியோடு எழுந்து நிற்பதும், அதை மற்றவர்களிடம் காட்டாமல் சமாளிப்பதும் மட்டும் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவள் விஷம் வைப்பது. கைச்சண்டையில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், அடுத்து யாரோடு மோத வேண்டும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த ஆள் சாப்பிடுவதில் அளவாக எதையாவது கலந்துவிடுகிறாள். ஆளைக் கொல்லாத அளவு, அன்றைக்கு மட்டும் சுருட்டிப் போடுகிற அளவு. எங்கள் துறையில் இருக்க வேண்டிய பெண்.

காதலுக்கு வருவோம். ஸேடன் ரியோர்சன், நான் மேலே சொன்ன கறுப்பு முடி, தழும்பு, இருட்டு எல்லாம் அப்படியே உள்ளவன். இவனுடைய அப்பா நடத்திய கிளர்ச்சியை ஒடுக்கி, அவருக்கு மரண தண்டனை கிடைக்கக் காரணமானவர் வயலட்டின் அம்மா. ஆகவே பகை. ஆனால் வயலட்டைத் தேர்ந்தெடுக்கும் பெரிய கறுப்பு டிராகன் டைர்னும், ஸேடனின் டிராகனும் புருஷன் பெண்டாட்டி. அவை ஒன்றைவிட்டு ஒன்று நெடுநாள் இருக்காது. எனவே ஓட்டுகிறவர்களும் பிரிந்திருக்க முடியாது, ஒருவர் செத்தால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து. நம் மாத நாவல்களில் தாத்தா எழுதிவைத்த உயில் செய்கிற வேலையை இங்கே டிராகன்கள் செய்கின்றன. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பிடிக்காத இரண்டு பேரை ஒரே கூரைக்குள் அடைத்துவைக்க நல்ல சாக்கு ஒன்று வேண்டும். யாரோஸ் கண்டுபிடித்திருப்பது அருமையான சாக்கு. டைர்னின் எரிச்சல் பேச்சு வேறு புத்தகம் முழுக்க வருகிறது. அந்த டிராகன் பேசாத பக்கங்கள் கொஞ்சம் மங்கல்தான்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'அயர்ன் ஃப்ளேம்' எனக்கு அலுத்துவிட்டது. வயலட் கேட்கிறாள், ஸேடன் மறைக்கிறான். 'நீ சரியான கேள்வியைக் கேட்கவில்லை' என்கிற தினுசில் ஒரு பதில். சண்டை, சமாதானம், மறுபடி அதே ரகசியம். முதல் பாகத்தில் தேர்வு இருந்தது, பாடம் இருந்தது, காலையில் செத்தவர்களின் பெயர்ப்பட்டியல் வாசிப்பு இருந்தது. அந்த ஒழுங்கு இருந்தவரை காதலும் அதன் இடுக்கில் மூச்சுத்திணறி வளர்ந்தது. ஒழுங்கு கலைந்ததும் இருவருக்கும் ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போகிறது. 2025 ஜனவரியில் வந்த 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. கதையோ தீவு தீவாக அலைகிறது. ஒவ்வொரு தீவிலும் புதிதாகப் பத்துப் பெயர். நள்ளிரவில் அத்தனை பெயரை நான் எங்கே வைத்துக்கொள்வது? மொத்தம் ஐந்து பாகம் என்ற திட்டத்தில் இன்னும் இரண்டு பாக்கி.

அண்ணன் மகளுக்கு இந்தத் தொடர் உயிர். பக்க ஓரமெல்லாம் கறுப்புச் சாயமும் டிராகன் உருவமுமாக வந்த 'ஃபோர்த் விங்' முதல் அச்சு எப்படியோ அவளுக்குக் கிடைத்துவிட்டது. கை கழுவிவிட்டுத்தான் தொட விடுகிறாள். வீட்டுக்கு வந்தபோது, "அத்தை, உங்களுக்கு ஸேடனைப் பிடிக்கலைன்னா உங்க மனசுல ஏதோ கோளாறு" என்றாள். இருக்கலாம்.

மனசுக் கோளாறு உள்ள என் போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல் ஒரு நாவல் அதே 2023 ஜனவரியில் வந்திருந்தது. 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்'. எழுதியவர் ஹெதர் ஃபாசெட், கனடாக்காரர். காலம் 1909. எமிலி கேம்பிரிட்ஜில் பேராசிரியை. அவளுடைய பாடம் ஃபேரி சாத்திரம். காட்டிலும் மலையிலும் மறைந்து வாழ்கிற, மனிதர்களைக் கடத்துகிற, குழந்தையை மாற்றி வைத்துவிடுகிற ஃபேரிகளைப் பற்றி உலகத்திலேயே முதல் முழுக் கலைக்களஞ்சியம் தொகுக்கிறாள். கடைசி அத்தியாயத்துக்கு வேண்டிய தகவலைத் திரட்ட, பெரிய கறுப்பு நாய் ஷேடோவோடு லியோஸ்லாந்து என்ற குளிர்ப் பிரதேசத்தில் ஹ்ரஃப்ன்ஸ்விக் என்ற ஊருக்கு வந்து இறங்குகிறாள். ஊரும் நாடும் கற்பனை. பனியும் ஆடும் மீனும் ஐஸ்லாந்துப் பக்கத்தை நினைவூட்டும்.

கதை முழுக்க அவளுடைய நாட்குறிப்பு. அடிக்குறிப்புகள் வேறு. இல்லாத ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டு போட்டு மேற்கோள் காட்டுவாள், இல்லாத அறிஞர்களோடு சண்டை பிடிப்பாள். அவளுக்கு ஃபேரிகளோடு பேசத் தெரியும், மனிதர்களோடு தெரியாது. விறகு வெட்டத் தெரியாமல் குளிரில் நடுங்குகிறாள். வந்த சில நாளிலேயே ஆவுட் என்ற ஊர்ப் பெரிய மனுஷியைப் புண்படுத்திவிடுகிறாள், என்ன தப்பு செய்தோம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஊற்றின் கரையில் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ஃபேரியிடம் அவள் பழகுகிற விதத்தைப் பாருங்கள். அதற்கு எது பெருமை, எதைக் கேட்டால் கோபம் வரும், பதிலுக்கு என்ன கொடுத்தால் கணக்குச் சரியாகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எழுதி, அடுத்த நாள் மறுபடி போகிறாள். பனிக்காட்டில் ரொட்டி சுட்டுத் தருகிற அந்தச் சின்ன உயிருக்கு 'போ' என்று பெயர். நாவலில் நிஜமாகவே மனசைத் தொடுகிற உறவு எனக்கு அதுதான்.

பிறகு வருகிறான் வெண்டல் பாம்பிள்பி. கூட வேலை பார்க்கிறவன், அழகன், சோம்பேறி, உதவிக்கு மாணவர்களை அழைத்து வந்து அவர்கள் தலையில் எல்லா வேலையையும் கட்டுகிறவன். முன்பு ஓர் ஆய்வையே இட்டுக்கட்டி எழுதிவிட்டதாக அவன் மேல் புகார் உண்டு. எமிலிக்கு அவன் யார் என்பதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தையும் ஆராய்ச்சியாளர் முறைப்படியே சான்று சேர்த்து வைத்திருக்கிறாள்! இந்த ஜோடியை நான் முழுதாக நம்பினேன். அவர்கள் வாதாடுவது தரவுகளைப் பற்றி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்கிறார். அவன் குடிசையைத் துடைத்து, திரைச்சீலை மாட்டி, கிழிந்ததைத் தைத்து உட்கார்ந்திருக்கிறான். அவளோ பனியில் சான்று தேடி அலைந்துவிட்டு நனைந்த பூட்ஸோடு அதே தரையை மிதித்துக்கொண்டு வருகிறாள். ஒருவரைப் பிடிக்கத் தொடங்குவது இந்த மாதிரித் தருணங்களில்தானே? முத்தம் என்று பார்த்தால் மிகக் குறைவு. அண்ணன் மகள் அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைத்தாள்.

இரண்டாம் பாகம் 2024-ல் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறது, மூன்றாவது 2025-ல் வெண்டலின் சொந்த உலகத்துக்கு. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றாவதில் எமிலி அரண்மனையில் இருக்கிறாள், ஆராய்ச்சி கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது, எனக்கு அந்தக் குளிர்க் குடிசையே போதும் என்று இருந்தது. ஒரு நடைமுறை யோசனை: இதைக் கிண்டிலில் படிக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்குறிப்பையும் விரலால் தொட்டு, வேறு பக்கத்துக்குத் தாவி, திரும்பி வருவதற்குள் வாக்கியம் மறந்துவிடும். அச்சுப் புத்தகத்தில் கண் மட்டும் கீழே இறங்கி ஏறினால் போதும்.

'டிவைன் ரைவல்ஸ்' ரெபெக்கா ராஸ் எழுதியது. இதுவும் 2023. ஐரிஸ் வின்னோ, ரோமன் கிட் இருவரும் ஒரு செய்தித்தாளில் வேலை பார்க்கிறவர்கள். இருக்கிற ஒரு பத்தி எழுத்தாளர் பதவிக்குப் போட்டி. அவன் பணக்கார வீட்டுப் பையன். அவள் வீட்டில் அண்ணன் போருக்குப் போய்விட்டான், அம்மா குடிக்கிறாள், மின்சாரம் துண்டித்துவிட்டார்கள், அவள் படிப்பை விட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். எங்கிருக்கிறான் என்றே தெரியாத அண்ணனுக்குத் தட்டச்சுப் பொறியில் கடிதம் அடித்து அலமாரிக் கதவின் அடியில் தள்ளுகிறாள். அது மாயமாக ரோமனின் அலமாரியில் போய் விழுகிறது. அவன் படிக்கிறான், யார் என்று சொல்லாமல் பதில் போடுகிறான்.

கடிதம் மாறிப்போகிற கதை நமக்கொன்றும் புதிதில்லை. இருந்தாலும் இந்த ஆசிரியர் எழுத்து வேலையின் அரிப்பை அறிந்தவர். போட்டியாளன் வேண்டுமென்றே கடினமான வேலையைத் தள்ளிவிடுவது, ஒரு வரிக்காக மண்டையை உடைத்துக்கொள்வது எல்லாம் உண்மையாக இருக்கின்றன. ஐரிஸ் போர்முனைக்குச் செய்தியாளராகப் போன பிறகு மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டுக்குக் கடிதம் தட்டச்சு செய்கிறாள். அந்தப் பக்கங்கள் படிக்கும்போது ஒரு சாம்பிள் வந்தது, எழுந்து போக மனசில்லை. குறை என்றால் கடவுள்கள். இரண்டு கடவுள்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வதால்தான் இந்தப் போர். ஆனால் பதுங்குகுழியும் துப்பாக்கியும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அந்தச் சாமிகள் தெரிவதில்லை. அடுத்த பாகத்தில் அவர்கள் முன்னுக்கு வந்ததும் கதை இறங்கிவிட்டது என்பது என் கட்சி.

மாயம் வேண்டாம், வெறும் காதல் போதும் என்பவர்களுக்கு எமிலி ஹென்றி இருக்கிறார். 2024-ல் வந்த 'ஃபன்னி ஸ்டோரி'யைச் சொல்கிறேன். டாஃப்னி மிச்சிகனில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் குழந்தைகள் நூலகர். கல்யாணம் நிச்சயமான பீட்டர், சின்ன வயதுத் தோழி பெட்ராதான் தன் காதல் என்று இவளைக் கழற்றிவிடுகிறான். வீடு அவனுடையது. இவள் போக்கிடமில்லாமல் பெட்ராவின் பழைய காதலன் மைல்ஸ் வீட்டில் ஓர் அறைக்குக் குடிபோகிறாள். கைவிடப்பட்ட இருவர், ஒரு சமையலறை. அந்தக் கல்யாணத்துக்கு இவர்களுக்கே அழைப்பு வருகிறது, கடுப்பில் 'நாங்களும் ஜோடிதான்' என்று ஒரு பொய்.

பொய்ஜோடி உண்மை ஜோடி ஆகும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதில் என்ன இருக்கிறது? நான் இதை வாசித்தது டாஃப்னியின் நூலகத்துக்காக. கதை சொல்லும் நேரம், நிதி திரட்ட இரவெல்லாம் குழந்தைகளைப் படிக்கவைக்கும் ஒரு விழாவுக்கான ஏற்பாடு, வேலையிடத் தோழி ஆஷ்லியோடு மெல்ல மெல்ல நெருங்குவது. இந்த நட்பை ஹென்றி காதலுக்குச் சமமாக எழுதியிருக்கிறார். முப்பது வயதுக்கு மேல், காதலனின் ஊரில், காதலனின் நண்பர்களையே தன் நண்பர்கள் என்று நம்பிவிட்டு, அவன் போனதும் ஒருவரும் மிஞ்சாத பெண்ணுக்குப் புதிதாக ஒரு தோழி கிடைப்பது லேசான விஷயமா? மைல்ஸ் நல்ல பிள்ளை. ஆனால் எல்லோருக்கும் நல்லவன், யாரிடமும் முகம் சுளிக்காதவன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டார். அது ஒன்றுதான் மனத்தாங்கல்.

'வேலை வேலை என்று அடித்துக்கொள்கிறீர்களே, அப்போ 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' உங்களுக்காகவே எழுதியது' என்று யாராவது சொல்வார்கள். டிராவிஸ் பால்ட்ரீ 2022-ல் தானே வெளியிட்டு, பிறகு பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்ட நாவல். கூலிக்குச் சண்டை போட்டு அலுத்துப்போன விவ் என்ற, மாயக்கதைகளில் வருகிற முரட்டு ஓர்க் இனத்துப் பெண், வாளை மாட்டிவைத்துவிட்டு, காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக்கடை போடுகிறாள். தச்சர் வருகிறார், எலி முகத்து ரொட்டிக்காரர் வருகிறார், டாண்ட்ரி என்ற பெண் வேலை கேட்டு வருகிறாள். வாசனை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர் எல்லோரும் நல்லவர், செய்கிற பண்டம் எல்லாம் விற்கிறது, பால் ஒருநாளும் திரிவதில்லை. கடை நடத்துகிறவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். வேலை இருந்தால் மட்டும் போதாது, அது கொஞ்சம் கையைச் சுட வேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்கலாம்.

தாஷா சூரியின் 'த ஜாஸ்மின் த்ரோன்' கொஞ்சம் பழையது, 2021. ஆனால் மூன்றாம் பாகம் 2024 நவம்பரில் வந்து தொடர் முடிந்ததால் இப்போது ஒருசேரப் படிக்கலாம். இந்தியச் சாயலில் ஒரு பேரரசு. தீயில் இறங்க மறுத்த இளவரசி மாலினியைப் பாழடைந்த கோயிலில் சிறைவைக்கிறான் அவளுடைய அண்ணன், அவன்தான் பேரரசன். அந்தக் கோயிலைப் பெருக்க வருகிற வேலைக்காரிகளில் ஒருத்தி பிரியா. அவளும் அங்கேயே வளர்ந்தவள்தான், அது வெளியே தெரியக்கூடாது. இந்த இருவருக்கும் இடையில்தான் காதல். சேலையையும் மல்லிகையையும் யாரோ வெளியாருக்கு விளக்குவதுபோல் எழுதவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஒருத்தி மற்றவளைப் பயன்படுத்திக்கொள்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தே நடக்கிறது, அது இன்னும் நன்று. ஆனால் அத்தியாயத்துக்கு ஒருவர் பார்வை என்று மாறிக்கொண்டே போகிறது. நைட் டியூட்டிக்கு ஒத்துவராது, லீவு போட்டுவிட்டுப் படிக்க வேண்டும்.

டி. கிங்ஃபிஷரின் 'நெட்டில் அண்ட் போன்' மெல்லிய புத்தகம். அறிவியல் கதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் தருகிற ஹியூகோ பரிசை 2023-ல் வாங்கியது. மாரா ஒரு சின்ன நாட்டின் மூன்றாவது இளவரசி. முப்பது வயது, கன்னிமாடத்தில் பூவேலை செய்துகொண்டு இருக்கிறவள். அக்காளைக் கட்டிய இளவரசன் அவளைச் சித்திரவதை செய்கிறான் என்று தெரிகிறது. தட்டிக்கேட்க ஆளில்லை, அவன் நாடு பெரியது. சரி, கொன்றுவிடலாம் என்று கிளம்புகிறாள். செத்தவர்களோடு பேசத் தெரிந்த கிழவி ஒருத்தி, 'எலும்பில் நாய் கட்டிக்கொண்டு வா' என்பதுபோல நடக்காத காரியங்களாகச் சொல்கிறாள். மாரா உட்கார்ந்து கம்பியால் எலும்பு எலும்பாகக் கட்டுகிறாள், விரலெல்லாம் காயம். நாய் எழுந்து வாலாட்டுகிறது. அது செத்த நாய் என்பது அதற்கே தெரியாது.

ஃபென்ரிஸ் என்ற முரட்டு ஆள் ஒருவன் கூட வருகிறான். காதல் என்று பார்த்தால் பக்கத்துக்கு அரை வரி. இரண்டு பேரும் நடக்கிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள், பசிக்கிறது, ஒருவர் அசந்தால் மற்றவர் காவல். அவ்வளவுதான். ஆனாலும் அந்த அரை வரிகளை நான் திரும்பப்போய்ப் படித்தேன். மாமியார் வீட்டில் அடிவாங்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு 'நாம் என்ன செய்ய முடியும்' என்று எல்லோரும் எழுந்துபோகிற காட்சியை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். இந்தப் புத்தகத்தில் ஒருத்தி எழுந்துபோகவில்லை. கிழவி வளர்க்கிற கோழியின் உடம்பில் ஒரு பேய் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்காகவே படிக்கலாம்.

கடைசியாக, 2024-ல் வந்த 'த மினிஸ்ட்ரி ஆஃப் டைம்'. கலியேன் பிராட்லி எழுதியது. ஒபாமா அந்த ஆண்டுக் கோடையில் படித்த புத்தகங்களின் பட்டியலில் இருந்தது என்பதால் மாயக்கதை என்றால் முகம் சுளிக்கிறவர்களும் வாங்கினார்கள். வடதுருவப் பக்கமாகக் கடல்வழி தேடி 1845-ல் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பல்கள் போயின. எரிபஸ், டெரர். போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. எரிபஸில் இருந்த கிரஹாம் கோர் என்ற அதிகாரி நிஜ மனிதர். புறப்படும் முன் எடுத்த புகைப்படம் இருக்கிறது. 1848 ஏப்ரலில் கப்பல்காரர்கள் அந்தப் பனிப் பிரதேசத்தில் எழுதி விட்டுச்சென்ற குறிப்பில் அவரைக் காலஞ்சென்றவர் என்று சொல்லியிருக்கிறது. அதற்குமேல் அவருக்கு வரலாறு இல்லை. பிராட்லி அங்கிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுவந்து இன்றைய லண்டனில், அரசு ஒதுக்கிய வீட்டில், ஓர் அரசு ஊழியப் பெண்ணோடு குடிவைக்கிறார். அவருக்கு இந்த நூற்றாண்டைப் பழக்குவதும், தினமும் கவனித்து மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதும் அவளுடைய வேலை.

நான் கேட்பது முழுக்க இதில் இருக்கிறது. அவளுடைய வேலையே அவனைப் பார்ப்பது. பார்க்கப் பார்க்கக் காதல் வருகிறது. வந்த பிறகும் அறிக்கை எழுத வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது? சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே கதையின் கழுத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய அம்மா கம்போடியாவிலிருந்து தப்பிவந்த அகதி. சொந்த ஊர் இல்லாமல் போனவரிடம் 'இங்கே பழகிக்கொள்' என்று சொல்கிறவர்களின் பக்கம் நிற்கிறோமே என்ற கூச்சம் அவளுக்குள் ஓடுகிறது. வாய்விட்டுச் சிரிக்கிற இடங்களும் நிறைய. கோர் பண்பானவர், ஆனால் பேரரசின் காலத்து மனிதர். சில விஷயங்களில் அவர் வாயைத் திறந்தால் அவளுக்குத் திக்கென்கிறது. அதை ஆசிரியர் தேன் தடவி மறைக்கவில்லை. 1665-ம் ஆண்டு லண்டன் பிளேக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட மார்கரெட் என்ற பெண் இந்த நூற்றாண்டுக்குள் குதித்து நீந்துகிற வேகம் தனி.

கடைசிப் பகுதியில் துப்பாக்கி, துரோகம், எதிர்காலம் என்று கதை ஓடத் தொடங்குகிறது. அங்கே எனக்குக் கொஞ்சம் தலைசுற்றியது. இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததே எவ்வளவோ மேல். ஆனாலும் இந்தப் பட்டியலில் மறுபடி படிக்கப்போகிற புத்தகம் எது என்று கேட்டால் இதையும் எமிலி வைல்டையும்தான் சொல்வேன்.

இன்னொரு விஷயம். எதிர் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் 'ஃபோர்த் விங்' கேட்டு வந்தாள். அவளுடைய அம்மா, "டிராகன் கதைதானேக்கா, சின்னப்பிள்ளைங்க படிக்கறதுதானே?" என்றார். இல்லை. அது பெரியவர்களுக்கான புத்தகம், படுக்கையறைக் காட்சிகள் விவரமாகவே வரும், ரத்தமும் நிறைய. அட்டையில் டிராகன் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பதின்வயதினருக்கென்றே வந்தது 'டிவைன் ரைவல்ஸ்'தான். அதைக் கொடுத்து அனுப்பினேன். மாரா கதை கல்லூரிப் பெண்களுக்குச் சரி.

வாங்குவதென்றால் எமிலி வைல்ட் அச்சில், மற்றவை மின்னூலில். நடைபாதையில் குறைந்த விலைக்கு அடுக்கிவைத்திருக்கிற நகல் அச்சுப் பிரதிகளை வாங்காதீர்கள். 'ஃபோர்த் விங்' அப்படி ஒன்றைப் பார்த்தேன், நடுவில் ஒரு கொத்துப் பக்கமே காணோம், மிச்சத்தில் மை கையில் ஒட்டுகிறது. 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' மட்டும் எந்த வடிவிலும் இப்போதைக்கு வேண்டாம். மிச்ச இரண்டு பாகமும் வரட்டும். அண்ணன் மகள் வெளிவருகிற அன்றைக்கே வாங்கிவிடுவாள், ஸேடன் ரகசியத்தையெல்லாம் சொல்லிவிட்டானா இல்லையா என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.